தம்பி ஊற்றிய எண்ணெய்

சலவை வண்டிக்காரி என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் நாலைந்து தெருவுக்குத் தெரியும். சொந்தப் பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருந்தது. வேறு யாரும் அதைப் புழங்கவில்லை. ஒரு மருத்துவமனை, இரண்டு விடுதிகள், ஒரு முதியோர் இல்லம் என்று நாலு இடத்துப் படுக்கை விரிப்புகள் அவள் பொறுப்பு. காலையில் அழுக்கு மூட்டைகளை அள்ளிக்கொண்டு போய்ச் சலவைக்கூடத்தில் இறக்குவாள். முந்தின நாள் இறக்கியவை துவைத்து, தேய்த்து, மடித்துத் தயாராக இருக்கும். அவற்றை ஏற்றிக்கொண்டு வந்து மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வண்டிக்குள் நடுவே பலகை அடித்துப் பிரித்திருந்தாள். இடது பக்கம் அழுக்கு, வலது பக்கம் சுத்தம். அழுக்கைத் தொட்ட கையைக் கழுவாமல் வலது பக்கக் கதவைத் திறக்க மாட்டாள். விடுதிக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மருத்துவமனைத் தலைமை நர்ஸ் மட்டும் சிரிக்க மாட்டார். “உன் வண்டியில வர்ற துணிய மோந்து பார்த்தா துணி வாசம் மட்டும்தான் வருது” என்று அவர் ஒருமுறை சொன்னதை நினைத்து நினைத்துப் பல வருடம் பூரித்துப்போனாள். பூரித்துப்போக ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. இவளுக்கு இது கிடைத்தது.

புருஷன் மெக்கானிக். அவரைக் கேட்டால், சாதாரண மெக்கானிக் இல்லை. வீட்டின் முன்புறம் தகரக் கூரை போட்டு இரண்டு வண்டி நிற்கிற அளவுக்குப் பட்டறை வைத்திருந்தார். ஒரு எஞ்சினைப் பிரித்துக் கட்டி முடித்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தலையில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துக் காட்டுவார். தெருவையே கூப்பிட்டு வைத்துத்தான் காட்டுவார். தண்ணீர் தளும்பாது. “இனி இது என் பேச்சக் கேக்கும்” என்று சொல்லிவிட்டு, தம்ளரை எடுத்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிடுவார். வேலை தெரிந்தவர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். வேலை தெரியாதவனாக இருந்தால் தப்பை ஒத்துக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

ஆயில் விஷயத்தில் அவருக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். பழைய வண்டியின் ஆயிலை முழுக்க வடிக்கக் கூடாது, குறைந்ததை மட்டும் ஊற்றிக்கொண்டு போனால் போதும் என்பார். பழகின ஆயிலை வெளியேற்றினால் எஞ்சினுக்குப் பொல்லாப்பு என்பது அவர் கண்டுபிடிப்பு. அவளும் தினமும் காலையில் ஓட்டுநர் இருக்கையைத் தூக்குவாள். அந்த வகை வண்டியில் எஞ்சின் இருக்கைக்கு அடியில்தான் இருக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்து, மூக்கு வைத்த தகரக் குவளையால் கொஞ்சம் ஊற்றுவாள். கம்பியில் ஒட்டி வருவது தார் போலக் கறுத்திருக்கும். வருடக்கணக்காக அப்படித்தான் இருந்தது. புருஷன் மெக்கானிக்காக இருக்கும்போது பெண்டாட்டி எதற்கு யோசிக்க வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

இதெல்லாம் நடப்பதற்கு ஏழு வருடம் முன்னால் அவளுடைய வண்டி எஞ்சினை அவர் முழுதாகப் பிரித்துக் கட்டினார். பதினொரு நாள் ஆனது. அவள் வாடகை வண்டி பிடித்து விரிப்புகளை ஏற்றி இறக்கினாள். பத்தாம் நாள் சாயங்காலம் அவர் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே ஆயில் கசியாமல் தடுக்கிற சீல் வளையம் எல்லாமே புதுசு, நாளைக் காலையில் வண்டி கிளம்பும் என்று எதிர்க்கடைக்காரரிடம் வாய் கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் வண்டி கிளம்பவும் செய்தது. தம்ளரும் தளும்பாமல் நின்றது. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். அன்றைக்கு அவளுக்குப் புருஷனை நினைத்துப் பெருமையாக இருந்தது, அதை மறைப்பதற்கு இல்லை.

இனி தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, அவளுக்குப் பதினாலு. அப்பா இருந்தார், ஆனால் இருந்தும் பிரயோசனம் இல்லை. குளிப்பாட்டி, சோறூட்டி, எழுதப் படிக்க உட்கார வைத்து அவனை ஆளாக்கியவள் அவள்தான். சின்ன வயதில் உருண்டையாக இருப்பான் என்பதால் டப்பா என்று கூப்பிடுவாள். பெரியவனாகி உதிரிபாகக் கடையில் ஆயில் டப்பா விற்கப் போனபோது, பெயர் வைத்த ராசி என்று அவனே சொல்லிச் சிரித்தான். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. யாராவது கேட்டால், எனக்கு ஒரே பிள்ளை, அதுவும் கடையில் வேலை பார்க்கிறது என்பாள். கேட்டவர்கள் குழம்பிப் போவார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகி, அவன் மனைவி முழுகாமல் இருந்த சமயத்தில், கடை முதலாளி அவனைப் பங்குதாரனாகவும் சேர்த்துக்கொண்டார். அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்குக் கை பரபரத்தது. புடவை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவன் கொண்டு வந்தது செயற்கை ஆயில்.

சிந்தடிக் என்று எழுதிய பெரிய கேன். இது உள்ளே இருக்கும் அழுக்கைக் கழுவும், சூட்டில் நீர்த்துப் போகாது, காலையில் ஒரே திருகலில் வண்டி கிளம்பும், தினமும் குவளையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்று அவளுக்கு விளக்கினான். மெக்கானிக் அந்த வாரம் வெளியூரில் ஒரு லாரி எஞ்சின் வேலைக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று அவள் ஒரு பேச்சுக்குச் சொன்னாள். வந்தால் ஊற்ற விடுவாரா என்று தம்பி கேட்டான். அவள் சிரித்துவிட்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வதில் சின்ன வயதுக் குறும்பு போல ஒரு சந்தோஷம் அவளுக்கு இருந்தது. தம்பி வண்டிக்கு அடியில் படுத்து வடிகால் திருகைக் கழற்றினான். பழைய ஆயில் உடனே வரவில்லை. கொஞ்சம் யோசித்து, பிறகு கட்டி கட்டியாக விழுந்தது. “என்னக்கா இது, சேறு மாதிரி இருக்கு” என்றான். அது பழகின ஆயில் என்று அவள் சொன்னாள். அவன் புது ஆயிலை ஊற்றினான்.

ஒரு மாதம் வண்டி பிரமாதமாக ஓடியது. சத்தம் குறைந்தது. மேட்டில் ஏறும்போது வழக்கமாக வரும் முனகல் காணாமல் போனது. திரும்பி வந்த மெக்கானிக் வண்டிச் சத்தத்தைக் கேட்டதுமே நின்றுவிட்டார். என்ன செய்தாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கத்தவில்லை. நான் கட்டின எஞ்சினில் என்னைக் கேட்காமல் கை வைக்கிற அளவுக்கு வந்துவிட்டானா என்று மட்டும் கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அன்றிலிருந்து தினமும் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். எதற்குப் பார்க்கிறார் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது.

ஆறாவது வாரம் அவர் எதிர்பார்த்தது வந்தது. வண்டி நின்ற இடத்தில் நாலைந்து சொட்டு. இரண்டு நாளில் அது உள்ளங்கை அகலம் ஆனது. பிறகு எஞ்சினுக்குப் பின்புறத்திலிருந்து வடிந்து, சூடான புகைக்குழாய் மேல் விழுந்து புகைய ஆரம்பித்தது. அந்தக் கருகல் வாடை இருக்கையின் இடுக்கு வழியே மேலே வந்தது, பலகையைத் தாண்டி வலது பக்கம் போனது, மடித்து வைத்த விரிப்புகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அவள் சாக்கைத் திணித்துப் பார்த்தாள், உறைகளுக்கு மேல் இன்னொரு உறை போட்டுப் பார்த்தாள். மருத்துவமனையில் மூச்சிரைப்பு நோயாளி ஒருவர் அந்த விரிப்பில் படுத்து இரவெல்லாம் இருமினார் என்று தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டு விட்டார். ஒரு விரிப்பை எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். அடுத்த வாரம் மருத்துவமனைத் துணியை வேறு வண்டி எடுத்தது.

வேறு வண்டி வந்த அன்று சாயங்காலம் தம்பியை வரச் சொன்னாள். அவன் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்தான். வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும் சின்னத் தகர மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து வெகு நேரம் பார்த்தான். வெளியே வந்தபோது அவன் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. மெக்கானிக் பட்டறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிர்க்கடைக்காரரும் இன்னும் மூன்று பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

“மாமா, பின்பக்க சீல மட்டும் ஒருதடவ மாத்திருவோம். கியர்பாக்ஸ நானே இறக்கித் தர்றேன்” என்றான் தம்பி.

மெக்கானிக் அவனைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துப் பேசினார். “நான் புதுசு போட்ட சீல். ஏழு வருஷம் ஒரு சொட்டு விட்டதில்ல. இவன் கடைச் சரக்க ஊத்தினான், ஆறு வாரத்துல அது சீலத் தின்னுடுச்சு. சோதிச்சுப் பார்க்க இவனுக்கு அக்கா வண்டிதான் கிடைச்சுது.”

தம்பி டார்ச்சை அணைக்காமல் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அந்தக் கணத்தில் அவள் பேசாமல் இருந்திருக்கலாம். உள்ளே போய்த் தண்ணீர் குடித்திருக்கலாம். பதினெட்டு வருடப் பிழைப்பு போன வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், நாலு பேர் பார்க்கிற அவமானம் ஒரு பக்கம், புருஷன் நிற்கிற நிலை ஒரு பக்கம். அவளுக்குக் கண் மண் தெரியவில்லை.

“என் பொழப்புல மண்ணப் போட்டுட்டு இன்னும் ஏன்டா நிக்கிற? சோறு போட்டு வளர்த்ததுக்கு நல்ல கூலி குடுத்துட்ட. இனி இந்த வாசப்படிய மிதிக்காத.”

அது போதாதென்று, மிச்சம் இருந்த ஆயில் கேனை எடுத்து வந்து அவன் காலடியில் வைத்து, இதையும் தூக்கிக்கொண்டு போ என்றாள். அவன் குனிந்து எடுத்துக்கொண்டான். தெருக் கோடி வரைக்கும் அந்தக் கேனைச் சுமந்துகொண்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம்.

மெக்கானிக் கெட்டியான பழைய வகை ஆயிலையே திரும்ப ஊற்றினார், ஒழுக்கை அடைக்கும் மருந்து என்று ஏதோ ஒரு திரவத்தையும் சேர்த்து ஊற்றினார். ஒழுக்கு குறைந்தது, நிற்கவில்லை. வாடையும் போகவில்லை. விடுதிகள் இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக விலகின. முதியோர் இல்லம் மட்டும் நின்றது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மோப்பம் தெரியாது என்று அவளே கசப்போடு சொல்லிக்கொள்வாள். மீதி நாட்களில் வண்டி சும்மா நிற்கக் கூடாதே என்று, கிழிந்துபோன விரிப்புகளை விடுதிகளிலிருந்து மூட்டையாக வாங்கி, வெட்டி, பட்டறைகளுக்குக் கை துடைக்கும் துணியாகக் கொண்டுபோய்ப் போட்டாள். வெள்ளை விரிப்பு ஏற்றிய வண்டியில் கந்தல் ஏற்றினாள். நடுவில் அடித்த பலகைக்கு இனி வேலை இல்லை என்று ஒருநாள் அதையும் கழற்றிவிட்டாள்.

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி சலவைக்கூடத்தில் தேய்க்கிற அம்மாள் வழியாக வந்தது. அவள் போகவில்லை. அவன் வந்து கூப்பிடட்டும் என்று நினைத்தாள். வாசற்படியை மிதிக்காதே என்று சொன்னவள் தானே என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை, அல்லது வர விடவில்லை. குழந்தைக்கென்று முன்னாலேயே மெல்லிய பருத்தித் துணியில் பன்னிரண்டு துண்டு வெட்டி ஓரம் தைத்து அலமாரியில் வைத்திருந்தாள். இரண்டாம் வருடம் கந்தலுக்குத் துணி பற்றாத ஒருநாளில் அவற்றையும் மூட்டையில் சேர்த்துக் கட்டினாள். கட்டி முடித்த பிறகு வெகு நேரம் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக்குக் கதை ஒன்று கிடைத்துவிட்டது. பட்டறைக்கு எந்த வண்டி ஒழுகிக்கொண்டு வந்தாலும், “என்ன, மச்சான் வந்து எண்ணெய் ஊத்திட்டுப் போனானா?” என்பார். தெருவுக்கே அது வேடிக்கை. வீட்டில் குழாய் ஒழுகினாலும் அதே பேச்சு, அவளுக்குக் கண் கலங்கினாலும் அதே பேச்சு. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இப்போது நினைத்தால் அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மூன்றாம் வருடக் கடைசியில் வண்டி ஒரு மேட்டில் ஏற மறுத்தது. எஞ்சின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. கிளட்ச் போய்விட்டது. மெக்கானிக்குக் கொஞ்ச நாளாக வலது தோள் பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் இருந்தது. தோள் சரியாகட்டும், நானே பார்க்கிறேன், எவன் கையிலும் வண்டியைக் கொடுக்காதே என்றார். ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னார். ஆனால் முதியோர் இல்லத்துத் துணியை நாலு நாளுக்கு மேல் தள்ளிப்போட முடியாது. அதுவும் போய்விட்டால் கந்தல் மட்டும்தான் மிச்சம். அவர் தோளுக்குப் பயிற்சி எடுக்கப் போன ஒரு காலையில், வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு பட்டறைக்குக் கொண்டுபோனாள்.

அந்தப் பட்டறைக்காரர் தடித்த கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். மத்தியானத்துக்குள் கியர்பாக்ஸை இறக்கிவிட்டார். கிளட்ச் தட்டைக் கையில் எடுத்தார். அது ஆயிலில் ஊறிப் பளபளத்தது. இது தேய்ந்து போகவில்லை, எஞ்சின் ஆயில் ஒழுகி ஊறிக் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார். பிறகு அவளை விளக்குக்குக் கிட்டே கூப்பிட்டார்.

எஞ்சினின் பின்புறத்தில் ஒரு பெரிய வளையல் அளவுக்குக் கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ பசை அப்பி, காய்ந்து, அங்கங்கே பெயர்ந்து தொங்கியது. அவர் வளையத்தை நெம்பி எடுத்துத் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கல் போல இறுகியிருந்தது. அதன் விளிம்பில் வண்டி செய்த தொழிற்சாலையின் முத்திரையும் ஒரு வருடமும் இருந்தன.

“இது வண்டி பொறந்தப்போ போட்ட சீல்மா” என்றார். “நடுவுல யாரோ எஞ்சினப் பிரிச்சிருக்காங்க. இத மாத்தாம, மேல பேஸ்ட் பூசி மூடிட்டாங்க.”

எல்லா சீலும் புதுசு என்று சொன்னார்களே என்றாள் அவள். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கு அதுவே பெரிய உபகாரமாக இருந்தது.

அவள் விடவில்லை. செயற்கை ஆயில் ஊற்றியதால் சீல் கெட்டுப் போகுமா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்ல ஆயில் அழுக்கக் கழுவும், அவ்வளவுதான். இதுல அழுக்குதான் ஓட்டைய அடைச்சிட்டு இருந்திருக்கு. கழுவினதும் ஓட்ட தெரிஞ்சிருக்கு. ஊத்தினவங்க மேல தப்பு இல்ல.”

கடைசியாக ஒன்று கேட்டாள். கியர்பாக்ஸை இறக்காமல், அடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்குமா? தகர மூடியைக் கழற்றினால் இந்தப் பசை தொங்குவது கண்ணுக்கு நேரே தெரியும், புது சீலுக்கு யாரும் பசை பூச மாட்டார்கள், தொழில் தெரிந்தவன் யாராக இருந்தாலும் பார்த்ததும் புரிந்துகொள்வான் என்றார் அவர். அவள் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். பட்டறைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மெக்கானிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோள் வலியால் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகியிருந்தார். வண்டி எங்கே என்று கேட்டார். அவள் கந்தல் துணியில் சுற்றியிருந்த அந்த ரப்பர் வளையத்தை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் கரண்டியை வைத்துவிட்டு அதைப் பார்த்தார். “எங்க கிடைச்சுது?”

“இருந்த இடத்துலதான்.”

கொஞ்ச நேரம் அந்த முத்திரையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவர் தலை குனியும் என்று அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை, தப்பாகிவிட்டது என்று ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மீதி வாழ்க்கையை அவள் ஓட்டியிருப்பாள். பெண்கள் அதைவிடக் குறைந்ததை வைத்துக்கொண்டும் ஓட்டியிருக்கிறார்கள். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் எரிச்சல்தான் இருந்தது.

“அன்னைக்கு சீல் வந்து சேரல. நாளைக்கு வண்டி கிளம்பும்னு தெருவுல சொல்லிட்டேன். என்ன பண்ணச் சொல்ற? ஏழு வருஷம் ஓடுச்சுல்ல? அந்த எண்ணெய ஊத்தாம இருந்திருந்தா இன்னும் ஓடியிருக்கும்.”

சொல்லிவிட்டு, தண்ணீர் எடு என்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள். முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போனது. கொடுத்த பிறகு அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

மறுநாள் மத்தியானம் தம்பி கடைக்குப் போனாள். வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். காலில் விழக்கூடத் தயாராக இருந்தாள். வளர்த்த பிள்ளை காலில் விழுவதில் என்ன வெட்கம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். கடை பெரிதாகியிருந்தது. அலமாரி முழுக்க வண்ண வண்ண டப்பாக்கள். தம்பிக்குக் காதோரம் நரைத்திருந்தது. யாருக்கோ பேரிங் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பேரிங்கை உறையில் போட்டு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்தான்.

“வாங்க. உட்காருங்க” என்று ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டான்.

பிறந்ததிலிருந்து அவளை வா, போ என்று கூப்பிட்டவன். அடுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. “பிரிச்சுப் பார்த்தேன். பழைய சீல்தான்” என்று மட்டும் சொன்னாள்.

அவன் தலையசைத்தான்.

“உனக்கு அன்னைக்கே தெரியும்.”

“தெரியும்.”

“ஏன்டா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

அவன் மேசை மேல் கிடந்த துணியில் கையை நிதானமாகத் துடைத்தான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “சொல்லியிருந்தா யார் பேச்ச நம்பியிருப்பீங்க?”

உன் பேச்சைத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவன் பார்த்த பார்வையை அன்றைக்கே அவள் பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததைக் கேட்டுவிட்டால் மறுநாள் அந்த வீட்டில் எப்படி எழுந்து நடமாடுவது? அதனால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினாள். ஏமாந்து போனேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வழி இல்லை. இருவரில் யாரை இழந்தால் தாங்கலாம் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டாள், எதைச் செய்தாலும் அக்காவை விட்டுப் போக மாட்டான் என்று நம்பித் தம்பியைத் தள்ளினாள். அவன் போய்விட்டான்.

“அதான் சொல்லல” என்றான் தம்பி.

மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை வெளியே வந்தது. உருண்டையான முகம். ஆயில் ஊற்றும் புனலைத் தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்திருந்தது. முக்காலியில் உட்கார்ந்திருந்தவளைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அப்பாவின் கால்சட்டையைப் பிடித்து இழுத்து, “யாருப்பா?” என்று கேட்டது.

அத்தை என்ற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. கையை நீட்டப் போனாள். தம்பி அவளைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலையிலிருந்து புனலை எடுத்து, முடியைக் கோதிவிட்டான்.

“தெரிஞ்சவங்க பாப்பா” என்றான்.

குழந்தை சரியென்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.